மன்ஸி கியர்பாக்ஸ்: பல் எண்ணி வாங்க வேண்டியது

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் உள்ள ஊர் மன்ஸி. அங்கிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை 1963 மாடல் முதல் 1974 மாடல் வரை நான்கு கியர் கொண்ட ஒரு கியர்பாக்ஸைத் தயாரித்தது. செவர்லே கார்வெட், கமாரோ, பாண்டியாக் ஜிடிஓ என அந்தக் காலத்தின் வேகமான கார்கள் பலவற்றில் இது பொருத்தப்பட்டது. இன்று அந்தக் கார்களைப் புதுப்பிப்பவர்கள் உதிரி பாகம் கேட்டுப் போனால், கடையில் முதலில் கேட்பது காரின் மாடலையும் வருடத்தையும்தான். ஆனால் அந்தப் பதிலை நம்பி வாங்கிய பாகம் பெரும்பாலும் சேராது. ஐம்பது ஆண்டு ஓடிய காரில் கியர்பாக்ஸ் ஒரு முறையாவது மாறியிருக்கும். மாறாவிட்டாலும் உள்ளே யாராவது கை வைத்திருப்பார்கள். ஆகவே விசாரிக்க வேண்டியது காரை அல்ல, கழற்றி வைத்த கியர்பாக்ஸை.

அது மன்ஸிதானா என்பது முதல் கேள்வி. அதே கார்களில் போர்க்-வார்னர் டி-10, சாகினா என்ற பெட்டிகளும் வந்தன. மன்ஸியின் உடல் அலுமினியம். பக்கவாட்டு மூடியில் ஏழு போல்ட், இரண்டு நெம்புகோல். ரிவர்ஸ் நெம்புகோல் மட்டும் தனியாகப் பின்பகுதியில் இருக்கும். டி-10 மூடியில் ஒன்பது போல்ட். சாகினாவின் உடல் வார்ப்பிரும்பு. மூன்று நெம்புகோல்களும் மூடியிலேயே இருக்கும்.

உடலில் புடைத்து நிற்கும் வார்ப்பு எண்ணைப் பாக எண் என்று எண்ணி ஏமாறுபவர்கள் உண்டு. 3885010 என்ற எண் அந்த உடல் 1966-67 காலத்தியது என்று மட்டுமே சொல்லும். அதே உடலுக்குள் எம்20, எம்21, எம்22 ஆகிய மூன்று ரகங்களில் எதுவும் இருக்கலாம். தனியாகக் குத்தப்பட்ட தேதிக் குறியீடு இதைவிட உதவும். 1969 முதல் அதன் கடைசி எழுத்து ரகத்தைக் காட்டுகிறது: ஏ என்றால் எம்20, பி என்றால் எம்21, சி என்றால் எம்22. ஆனால் இதுவும் ஆலையை விட்டு வெளியேறிய நாளின் நிலவரம்தான்.

அடுத்து, கிளட்ச் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் முன்தண்டு. 1966 முதல் அதில் வளையக் கோடு இரண்டு இருந்தால் எம்20, ஒன்று இருந்தால் எம்21, இல்லாவிட்டால் எம்22. தண்டின் வரிப்பள்ளங்கள், அதாவது ஸ்பிளைன்கள், 1970 வரை பெரும்பாலும் 10, பிறகு 26. இது மாறினால் கிளட்ச் பிளேட்டும் மாற வேண்டும். இதைக் கவனிக்காமல் வாங்கியவர் வண்டியை ஏற்றிப் பூட்டும் நேரத்தில்தான் விழிப்பார்.

கோடுகளும் முடிவான சாட்சி அல்ல. முன்தண்டைத் தனியாக மாற்றியிருக்கலாம். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல, மூடியைத் திறந்து பற்களை எண்ணுவதே உறுதி. முன்தண்டின் பல்சக்கரம் கீழே உள்ள கவுண்டர் கியரின் முதல் சக்கரத்தைச் சுழற்றுகிறது. 1963-65 எம்20-இல் இந்த இணை 24க்கு 29; 1966 முதல் 21க்கு 25. எம்21, எம்22 இரண்டிலும் 26க்கு 27. முதல் கியரின் இணை எல்லாவற்றிலும் 17க்கு 36 என்பதால் கணக்கு எளிது. 25ஐ 21ஆல் வகுத்து, 36ஐ 17ஆல் வகுத்து, இரண்டையும் பெருக்கினால் 2.52 வரும். பழைய எம்20-க்கு 2.56, எம்21-க்கு 2.20. எண்ணிக்கை சரியா என்பதை இந்தக் கணக்கே காட்டிக்கொடுத்துவிடும்.

2.56, 2.52 என்று விகிதம் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால் இரண்டு எம்20-இன் சக்கரங்களையும் கலக்கலாம் என்று தோன்றும். ஆனால் 24 பல் சக்கரம் 25 பல் சக்கரத்தோடு கடிக்காது. எம்21, எம்22 விஷயத்தில் ஆபத்து இன்னும் அதிகம்: பல் எண்ணிக்கை ஒன்றே, சாய்வு வேறு. எம்22-இன் பற்கள் குறைவாகச் சாய்ந்திருக்கும். பக்கவாட்டு உந்தல் குறைவதால் பலம் கூடும், இரைச்சலும் கூடும். எனவே சக்கரத்தையும் அதோடு இணையும் கவுண்டர் கியரையும் ஜோடியாக வாங்குவதே நல்லது.

கவுண்டர் கியரைத் தாங்கும் ஊசித்தண்டு 1965 வரை 7/8 அங்குலம், 1966 முதல் 1 அங்குலம். உடலில் உள்ள துளையும் அதற்கேற்ப மாறியது. முன் பேரிங்கிலும் இப்படியொரு பொறி உண்டு. 1963-இல் 6207, அடுத்த ஆண்டு முதல் 6307. இரண்டுக்கும் உள்விட்டம் 35 மி.மீ.; வெளிவிட்டம் மட்டும் 72, 80 என்று வேறுபடும். தண்டில் சரியாக ஏறிவிட்டது என்று மகிழ்ந்தால் உடலில் ஆடும்.

பின்தண்டின் ஸ்பிளைன் முதலில் 27. 1970-71 வாக்கில் 32 ஆனது. 32 ஸ்பிளைன் தண்டுக்கு டர்போ 400 ஆட்டோமேட்டிக் பெட்டியின் யோக், அதாவது பின்தண்டில் செருகும் இணைப்பு, பொருந்தும். 27 ஸ்பிளைனுக்கு டர்போ 350-இன் யோக்.