சூடமும் பிரேக்கும்



காரவள்ளி அடிவாரத்தில் எங்கள் வேன் நின்றது. 70 கொண்டை ஊசி வளைவுகளும் அதற்குமேல்தான். ஓட்டுநர் இறங்கி டயர்களைத் தட்டிப் பார்த்தார். பிரேக்கை இரண்டு மூன்று முறை மிதித்துப் பார்த்தார். பிறகு சாலையோரம் சூடம் ஏற்றிக் கும்பிட்டார். வண்டியிலிருந்த மாணவர் ஒருவர், "பிரேக்குதான் நல்லா இருக்கே அண்ணே, அப்புறம் சூடம் எதுக்கு?" என்றார். "பிரேக்கு வண்டிக்குத் தம்பி, சூடம் எனக்கு" என்று பதில் வந்தது. எல்லோரும் சிரித்தோம். நான் எழுதிக்கொண்டு வந்த உரையைவிட அந்தப் பதில் மேல் என்று செம்மேடு வருவதற்குள் தோன்றிவிட்டது. அதையே கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

நம்பிக்கை என்பது அறியாமை, படிப்பு வந்தால் போய்விடும் என்றுதான் நம் மேடைகளில் பேசி வந்தோம். நானும் பேசியிருக்கிறேன். 2023 ஜூலையில் சந்திரயான்-3 கிளம்புவதற்கு முன் இஸ்ரோ விஞ்ஞானிகள் அதன் சிறு மாதிரியை எடுத்துக்கொண்டு திருப்பதிக்குப் போனார்கள். அவர்களுக்கு ஈர்ப்புவிசை தெரியாதா? ராக்கெட் விடுகிறவர் கும்பிட்டால் பண்பாடு, மலைவாசியோ சேரிக்காரரோ கும்பிட்டால் மூடநம்பிக்கை என்கிறோம். கேள்வியை இப்படி ஒரு பக்கம் மட்டும் திருப்பிக் கேட்பதிலேயே சாதி இருக்கிறது.

முதல் உலகப் போர்க் காலத்தில் மாலினோவ்ஸ்கி என்ற மானிடவியலாளர், பசிபிக் கடலின் டிரோப்ரியாண்டு தீவுகளில் தங்கி ஆராய்ந்தார். அங்கே அமைதியான காயலில் மீன்பிடிக்கப் போகிறவர்கள் மந்திரம் எதுவும் சொல்வதில்லை. ஆழ்கடலுக்குப் போகும்போது மட்டும் நீண்ட சடங்குகள் உண்டு. அதே மக்கள்தான், அதே மூளைதான். கைத்திறன் எங்கே முடிந்து ஆபத்து தொடங்குகிறதோ அங்கே சடங்கும் தொடங்குகிறது என்றார் அவர். மந்திரத்தை நம்பிக் களை பறிக்காமல் விட்ட விவசாயி அந்தத் தீவிலும் இல்லை. நம் ஓட்டுநரும் சூடத்தை நம்பி பிரேக்கைப் பார்க்காமல் விடவில்லை.

இந்த மலையில் சாமையும் தினையும் மானாவாரிப் பயிர்கள். அவற்றின் இடத்தைப் பெருமளவு பிடித்துக்கொண்ட மரவள்ளிக்கு விலை, மலைக்குக் கீழே சேகோ ஆலைப் பக்கம் முடிவாகிறது. மழை வருமா வராதா என்று இன்று கைபேசி சொல்லிவிடும். வராத மழைக்கு யார் ஈடு தருவார் என்று அது சொல்லாது. அந்த இடத்தில்தான் பெரியசாமிக்கு வேண்டுதல் வைக்கிறார்கள்.

மாரியம்மனை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் பெரியம்மை 1975-இல் நின்றது. உலகிலேயே ஒழிந்துவிட்டது என்று 1980-இல் அறிவித்தார்கள். பெரியம்மைக்கு விளக்கம் மட்டும்தான் மாரி என்றால், அன்றோடு அவளுக்கு வேலை போயிருக்க வேண்டும். ஆடிக்கூழ் குறைந்திருக்கிறதா?

கல்லூரிக் காலத்தில் எனக்குச் சின்னம்மை வந்தது. இது வைரஸ் என்று பாயில் படுத்துக்கொண்டே அம்மாவிடம் வாதாடினேன். "வைரஸாவே இருக்கட்டும், நீ பேசாம படு" என்றாள். வாசலில் வேப்பிலை செருகினாள், வீட்டில் தாளிப்பதை நிறுத்தினாள், பத்து இரவு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அதற்கு முன் போய்வந்த மருத்துவமனையில், எந்தத் தெரு என்று கேட்டுவிட்டு எட்ட நின்றே சீட்டு எழுதித் தந்தார்கள். சீட்டில் இருந்தது சரியான மருந்துதான், அதில் குறையில்லை. ஆனால் அந்தப் பத்து நாளும் என்னைத் தொட்டது அம்மாவும் அவளுடைய மாரியும்தான்.

இதைச் சொல்வதால் நம்பிக்கை எல்லாமே நல்லது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பாம்பு கடித்தவரை மந்திரிக்கக் கொண்டுபோய் உட்கார வைத்தால், விஷமுறிவு மருந்து போட வேண்டிய நேரம் கைவிட்டுப் போகிறது. இதில் எனக்குச் சமரசமே கிடையாது. மந்திரிப்பவர் அடுத்த தெருவில் இருக்கிறார், மருந்து எத்தனை வளைவு தள்ளி இருக்கிறது என்றும் கூடவே கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

நமக்கு இதைவிடக் கடினமான கேள்வி ஒன்று உண்டு. அம்மனை அழைக்கப் பறை வேண்டும், பறையடிப்பவர் மட்டும் எல்லைக்கு வெளியே நிற்க வேண்டும். அறிவியல்படி அந்தச் சடங்கு பொய்யா மெய்யா என்று யார் கவலைப்பட்டார்கள்? யாரை எங்கே நிறுத்துவது என்பதைத்தான் அது ஆண்டுதோறும் ஊருக்கு நினைவூட்டுகிறது. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோவிலுக்குள் தலித்துகள் போகக் கூடாது என்ற தகராறில், 2023 ஜூனில் வருவாய்த் துறை கோவிலைப் பூட்டி முத்திரை வைத்தது. அங்கே போய்க் கடவுள் இல்லை என்று நிரூபித்து யாருக்கு என்ன பயன்?

அம்பேத்கர் 1930-இல் நாசிக் காலாராம் கோவில் முன் போராடியது ராமனிடம் வரம் கேட்க அல்ல. 1935-இல் இயோலாவில், இந்துவாகச் சாக மாட்டேன் என்றார். அதற்குப் பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் யோசித்து, 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் லட்சக்கணக்கானோருடன் பௌத்தம் ஏற்றார். 22 உறுதிமொழிகளில் பழைய தெய்வங்களை மறுத்தார். ஆனால் மறுப்பை மட்டும் கொடுத்து மக்களை வீட்டுக்கு அனுப்பவில்லை, சேர்ந்து நிற்க ஒரு தம்மத்தையும் கொடுத்தார். நம்மில் பலர் முதல் பாதியோடு நின்றுவிட்டோம் என்பது என் வருத்தம். 1898-இல் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் வேறொரு வழியில் போனார். தீபாவளியை விட்டுவிடு என்று சொல்லவில்லை. எள்ளெண்ணெயின் பயனைக் கண்டறிந்த நாள் அது, நம் முன்னோர் நாள் என்று அதற்கு வேறு வரலாறு எழுதினார். அந்த வரலாற்றில் ஆதாரம் தேடுகிறவர்கள் தேடட்டும். பண்டிகையை யாரிடமிருந்து யார் மீட்பது என்பதில் அவருக்குத் தெளிவு இருந்தது. பறையை இன்று நம் பிள்ளைகள் மேடையில் அடிப்பதும் அந்த வழியில் வந்ததுதான்.

கொல்லிமலையில் கோவில்காடுகள் பல உண்டு. அங்கே மரம் வெட்டினால் சாமி குற்றம் என்கிறார்கள் மலையாளிப் பழங்குடி மக்கள். இதே மலையில் பாக்சைட் வெட்டியெடுக்கப்பட்டது உங்களுக்குத் தெரியும். ஒடிசாவில் நியம்கிரி மலையிலும் பாக்சைட் எடுக்க வந்தார்கள். மலையே எங்கள் சாமி என்றார்கள் டோங்ரியா கோண்டு மக்கள். வழிபாட்டு உரிமை பாதிக்குமா என்பதைக் கிராம சபைகளே முடிவு செய்யட்டும் என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 12 கிராம சபைகளும் சுரங்கம் வேண்டாம் என்றன. பட்டா இல்லாதவர்களுக்கு அன்று சாமிதான் பட்டா.

மாணவர்கள் நாளைக் காலை ஊர்களுக்குக் கணக்கெடுக்கப் போகிறீர்கள். உங்கள் படிவத்தின் முதல் கேள்வி, 'கடவுள் நம்பிக்கை உண்டா?' அதை அடித்துவிடுங்கள். ராத்திரியில் பாம்பு கடித்தால் எங்கே போவீர்கள், எவ்வளவு நேரமாகும் என்று கேளுங்கள். திருவிழாவில் யார் எங்கே நிற்கிறார்கள், பெண்களை எந்த இடத்தோடு நிறுத்துகிறார்கள், கோவில்காட்டு நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். சாயங்காலம் உட்கார்ந்து பேசுவோம்.