வினவிக் கற்போம்

சமூக இயல் என்றால் ஆண்டுகளையும் அரசர் பெயர்களையும் நெட்டுருச் செய்யும் பாடம் என்றே பலரும் எண்ணுகிறோம். வேறொரு வழியும் உண்டு. முதலில் கேள்வி; அடுத்துச் சான்று; அதன் பின்னரே விடை. இதனை வினவிக் கற்றல் எனலாம். சிந்தனை திகைப்பிலிருந்தே பிறக்கிறது என்று அமெரிக்க அறிஞர் ஜான் டியூயி 1910-ஆம் ஆண்டிலேயே எழுதினார்.

நடுநிலை வகுப்புகளுக்கு இது பொருந்துமா? வேலூரின் லாங் பஜாரைக் கொண்டு விளக்க முயல்கிறேன். ஏழாம் வகுப்பு மாணவர் சிலர் ஆசிரியருடன் அக்கடைத்தெருவுக்குச் செல்வதாக வைத்துக்கொள்வோம். நாட்டு மருந்துச் சரக்குகளிடையே கடுக்காய் கண்ணில் படுகிறது. தோல் பதனிடவும் இதுவே பயன்பட்டது என்கிறார் ஒரு முதியவர். மருந்துக்கும் தோலுக்கும் என்ன தொடர்பு?

ஆசிரியர் உடனே விடை கூறிவிட்டால் தேடல் அங்கேயே முடிந்துவிடும். மாணவரே தேடட்டும். கடுக்காயிலும் ஆவாரம் பட்டையிலும் உள்ள துவர்ப்புப் பொருள் தோலை அழுகாமல் காக்கிறது என்று அறிவார்கள். பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் ஊற வேண்டிய தோல், குரோமிய உப்பினால் சில நாட்களிலேயே பதமாகிறது என்றும் காண்பார்கள். நிலப்படத்தை விரித்தால் வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை ஆகிய தோல் நகரங்கள் பாலாற்றை ஒட்டியே அமைந்திருப்பது புலப்படும். தோலைக் கழுவ நீர் மிகுதியாக வேண்டுமல்லவா?

இனித்தான் கடினமான கேள்வி வருகிறது. கழுவிய நீர் எங்கே போயிற்று? தோலைக் கெடாமல் வைக்க இட்ட உப்பும் பிற கழிவுகளும் நிலத்தடி நீரில் கலந்தன. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசு விளைத்தவரே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28-ஆம் நாள் தீர்ப்பளித்தது. கழிவுநீரைத் தூய்மை செய்யும் நிலையங்கள் அமைக்கவும் ஆணையிட்டது.

ஒரே வகுப்பில், தந்தை தோல் பதனிடும் ஆலையில் உழைக்கும் மாணவனும் இருப்பான். குடும்பக் கிணறு உவர்த்துப்போன மாணவியும் இருப்பாள். "ஆலை வேண்டுமா, வேண்டாமா?" என்று கேட்டால் இருவருக்கும் சண்டைதான் மூளும். "இக்கிணற்று நீர் எப்போது உவர்த்தது? அதை எவ்வாறு அறிவது?" என்று கேட்டால் இருவரும் சேர்ந்து தேடலாம். நல்ல வினாவுக்கு இதுவே அடையாளம் என்பேன்.

தேடுவோர் குறிப்பேட்டில் கண்டது, கேட்டது, படித்தது என மூன்று பத்திகள் இருக்கட்டும். கேட்டதைக் கண்டதாக எழுதலாகாது. மூன்றும் முரண்பட்டால் மறைக்க வேண்டாம். அடுத்த கேள்வி அங்கேதான் இருக்கிறது.

இம்முறைக்குக் காலம் மிகுதியாக வேண்டும் என்பது உண்மை. எல்லாவற்றையும் தெருவில் கற்கவும் இயலாது. வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த நாள் 1806 ஜூலை 10 என்பதை நூல்தான் சொல்ல வேண்டும். ஆனால் புதிய தலைப்பாகையில் வைத்த தோல் சின்னம் அவர்களை ஏன் அவ்வளவு புண்படுத்தியது என்று கேட்க ஒரு மாணவன் வேண்டும். அவ்வாறு கேட்பவனுக்கு அந்த நாளும் தானே நினைவில் நிற்கும்.