தீபாவளிப் பெட்டியில் குல்கந்து ட்ரஃபிள்: கொக்கோ விவசாயிக்குப் பங்கு எங்கே?

புதுதில்லி: ஐப்பசி நெருங்கும்போது தலைநகரின் விடியற்காலைக் காற்றில் முதல் குளிர் தட்டுப்படும். வீட்டு வாசல்களில் பவழமல்லி உதிரத் தொடங்கும். சாந்தனி சௌக்கில் பரிசுப் பெட்டிகள் அடுக்கடுக்காக உயரும். ஒரு காலத்தில் அப்பெட்டிகளுக்குள் பர்பியும் லட்டும் சோன்பப்டியும்தான் இருந்தன. அண்மை ஆண்டுகளில் அவற்றுக்கு நடுவே புதிதாக ஓர் உருண்டை இடம்பிடித்திருக்கிறது. அதன் பெயர் ட்ரஃபிள்.

உருக்கிய சாக்லேட்டுடன் சூடான பாலேட்டைக் கலந்து, ஆறவைத்து, உருட்டி, கொக்கோ தூளில் புரட்டியெடுப்பதே ட்ரஃபிள். மண்ணுக்கடியில் விளையும் ஒருவகைக் காளானைத் தோற்றத்தில் ஒத்திருப்பதால் இப்பெயர். ஐரோப்பாவில் பிறந்த இந்தப் பண்டம், தில்லிக்கு வந்ததும் உள்ளூர்ச் சுவைகளை ஏற்றுக்கொண்டுவிட்டது. குல்கந்து, வெற்றிலையும் சோம்பும், குங்குமப்பூவும் பிஸ்தாவும், மிளகாய் தூவிய கொய்யா, எள்ளும் வெல்லமும், நம்மூர் பில்டர் காபி என்று பண்டிகைக்குப் பண்டிகை புதிய சுவைகள் அறிமுகமாகின்றன. பெரிய நிறுவனங்கள் மட்டுமல்ல, வீட்டிலேயே தயாரித்து விற்கும் பெண்களும் இத்தொழிலில் இறங்கியுள்ளனர். சாந்தனி சௌக்கின் மேற்குக் கோடியில் உள்ள காரி பாவ்லி மசாலாச் சந்தையின் மணம், சாக்லேட்டுக்குள் குடிபுகுந்துவிட்டது எனலாம்.

வரியும் அரசியலும்

தில்லியில் இனிப்பு என்பது வெறும் இனிப்பன்று. 2025 ஆகஸ்ட் 15-ல் செங்கோட்டையில் உரையாற்றிய பிரதமர் நரேந்திர மோடி, சரக்கு-சேவை வரிச் சீர்திருத்தத்தைத் தீபாவளிப் பரிசாகவே அறிவித்தார். அதன்படி சாக்லேட் மீதான வரி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டு, நவராத்திரியின் முதல் நாளான செப்டம்பர் 22-ல் நடைமுறைக்கு வந்தது. 2017 ஜூலையில் இவ்வரி முறை தொடங்கியபோது சாக்லேட்டுக்கு 28 சதவீதம் விதிக்கப்பட்டிருந்தது. ஆடம்பரப் பண்டமாகக் கருதப்பட்ட சாக்லேட், எட்டே ஆண்டுகளில் லட்டுக்கும் பர்பிக்கும் சமமான வரியை எட்டிவிட்டது.

அதே தீபாவளிக்கு, 1790-ல் தொடங்கப்பட்டதாகக் கூறப்படும் பழைய தில்லி கண்டேவாலா இனிப்பகத்துக்குச் சென்று இமர்தியும் கடலைமாவு லட்டும் செய்து பார்த்தார் மக்களவை எதிர்க்கட்சித் தலைவர் ராகுல் காந்தி. இன்னொருபுறம், பண்டிகைப் பரிசுகளுக்காக அரசுப் பணத்தைச் செலவிடக் கூடாது என்று அமைச்சகங்களுக்கும் பொதுத்துறை அமைப்புகளுக்கும் 2025 செப்டம்பரில் நிதியமைச்சகத்தின் செலவினத் துறை உத்தரவிட்டது. பரிசுப் பெட்டிக்குத் தலைநகரில் உள்ள செல்வாக்கை இவை உணர்த்தும்.

கோவா மீது ஐயம்

சாக்லேட் பக்கம் மக்கள் திரும்பியதற்குக் கோவா கலப்படம் ஒரு முக்கியக் காரணம். ஒவ்வொரு தீபாவளிக்கு முன்பும் கலப்படக் கோவா பறிமுதல் செய்யப்படுவது வழக்கமான செய்தியாகிவிட்டது. உதிரியாக விற்கும் இனிப்புகளுக்கும் எந்தத் தேதிக்குள் உண்ண வேண்டும் என்பதைக் கடைகளில் எழுதிவைக்க வேண்டும் என்ற விதி 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ளது.

ஆனால் சாக்லேட்டும் குறையற்றதன்று. 2003 அக்டோபரில், தீபாவளிக்குச் சில வாரங்களே இருந்தபோது, மகாராஷ்டிரத்தில் முன்னணி நிறுவனம் ஒன்றின் சாக்லேட்டுகளில் புழுக்கள் காணப்பட்டு, நாடெங்கும் விற்பனை சரிந்தது. ட்ரஃபிளில் பாலேடு இருப்பதால் அது விரைவில் கெட்டுவிடும். விலை குறைந்த உருண்டைகள் பலவற்றில் கொக்கோ வெண்ணெய்க்குப் பதிலாகத் தாவர எண்ணெய்க் கொழுப்பே இருக்கும். இந்திய விதிகளின்படி, 5 சதவீதத்துக்கு மேல் பிற தாவரக் கொழுப்பு சேர்த்ததைச் சாக்லேட் என்று விற்க முடியாது. பளபளப்பான பெட்டியின் பின்புறத்தில் பொடி எழுத்தில் உள்ளதைப் படிப்பவர் எத்தனை பேர்?

தென்னைக்கு அடியில்

நுகர்வோருக்கு வரி குறைந்தது. ஆனால் அந்த உருண்டைக்கு உயிரான கொக்கோவை விளைவிப்பவருக்கு என்ன கிடைத்தது? ஆந்திரம், கேரளம், கர்நாடகம், தமிழகம் ஆகிய நான்கு தென் மாநிலங்களில்தான் இந்தியாவின் கொக்கோ விளைகிறது. தமிழகத்தில் பொள்ளாச்சிப் பகுதித் தென்னந்தோப்புகளில் இது ஊடுபயிர். காயை உடைத்து, கொட்டைகளை ஏறத்தாழ ஒரு வாரம் புளிக்கவைத்து, வெயிலில் உலர்த்த வேண்டும். தில்லியில் பெட்டிகள் விற்பனையாகும் ஐப்பசியில் தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை பெய்யும். உலர்த்தும்போது மழை பிடித்தால் கொட்டையில் பூஞ்சை படரும், விலையும் போய்விடும்.

உலகக் கொக்கோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட், கானா ஆகிய இரு மேற்கு ஆப்பிரிக்க நாடுகளில் விளைகிறது. அங்கு நோயாலும் வானிலையாலும் மகசூல் குன்றியதால், 2024 டிசம்பரில் நியூயார்க் சந்தையில் கொக்கோ விலை டன்னுக்கு 12,000 டாலரைத் தாண்டியது. அவ்வாண்டு கேரளத்தில் உலர்ந்த கொட்டை கிலோ 1,000 ரூபாய்க்கு மேல் விற்றது. ஆனால் 2025-ல் ஆந்திரத்தில் அது ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது. நிறுவனங்கள் உலகச் சந்தைக்கு ஏற்ற விலையைத் தருவதில்லை, உள்ளூர்க் கொள்முதலைத் தட்டிக்கழிக்கின்றன என்று கூறி ஏலூரு வட்டாரத்தில் விவசாயிகள் போராட்டத்தில் இறங்கினர். இறுதியில் மாநில அரசு கிலோவுக்கு 50 ரூபாய் உதவித்தொகை அறிவிக்க நேர்ந்தது.

இங்குதான் கொள்கையின் ஓட்டை தெரிகிறது. மத்திய அரசு குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கும் 22 பயிர்களின் பட்டியலில் கொப்பரைத் தேங்காய் உண்டு. அதே தென்னையின் நிழலில் விளையும் கொக்கோ இல்லை. ஒரே தோப்பில், மேலே காய்ப்பதற்குக் காப்பு இருக்கிறது, கீழே காய்ப்பதற்கு இல்லை.

புத்தூர் காட்டிய வழி

இந்நிலை புதிதன்று. 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளிலும் கொக்கோ விலை வீழ்ந்து, வாங்க ஆளின்றி விவசாயிகள் தவித்தனர். அப்போது, 1973-ல் மங்களூரில் பாக்கு விவசாயிகள் தொடங்கிய காம்ப்கோ கூட்டுறவு நிறுவனம் கொள்முதலில் இறங்கியது. அத்துடன் நில்லாமல், 1986-ல் கர்நாடகத்தின் புத்தூரில் சொந்தமாகச் சாக்லேட் ஆலையையே தொடங்கியது. கொட்டையை மட்டும் விற்றுக்கொண்டிருந்த விவசாயி, சாக்லேட்டிலும் பங்குதாரரானார்.

ஆந்திரத்திலும் தமிழகத்திலும் அத்தகைய வலுவான கூட்டுறவு அமைப்பு உருவாகவில்லை. இந்தியாவின் கொக்கோத் தேவையில் பெரும்பகுதி இறக்குமதி மூலமே நிறைவேறுகிறது. தேவை இருந்தும் உள்நாட்டு விளைபொருளுக்கு நிலையான விலை இல்லை என்பது முரண். வரியைக் குறைக்க தில்லியில் ஒரே நாள் கூட்டம் போதுமானதாக இருந்தது. கொள்முதலுக்கு உறுதி அளிக்கவும் அதே அக்கறை காட்டப்பட்டால்தான், குல்கந்து ட்ரஃபிளின் இனிப்பு பொள்ளாச்சித் தோப்பு வரை எட்டும்.