மோட்டாரை நிறுத்திய பிறகு

திட்டக்குடிப் பக்கத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார்: "நிலவியல் மாணவர்கள் கிணற்றில் சோதனை செய்கிறார்களாமே, தண்ணீரை இறைத்துப் பார்ப்பதில் படிக்க என்ன இருக்கிறது?"

போர் எத்தனை அடி, எத்தனை இஞ்ச் தண்ணீர் என்பதை ஊரில் யாரும் சொல்லிவிடுவார்கள். அடியில் உள்ள மணலும் பாறையும் நீரை எவ்வளவு தாராளமாகக் கடத்தும் என்பது அளந்தால்தான் தெரியும். ஒரே சீராக இறைக்க வேண்டும். வரும் தண்ணீரை டிரம்மில் பிடித்து ஸ்டாப்வாட்சில் கணக்கிட வேண்டும். பக்கத்துப் போரில் டேப்பை இறக்கி நீர்மட்டம் குறிக்க வேண்டும். களத்து நெற்குவியலின் நடுவே மரக்காலால் அள்ள அள்ளச் சுற்றிலும் சரிகிறதே, போரைச் சுற்றி நீர்மட்டமும் அப்படித்தான் குழிகிறது.

எனக்குப் பிடித்த விந்தை அடுத்து வருகிறது. முதல் நிமிடத்திலிருந்து பத்தாவது நிமிடத்துக்குள் மட்டம் 1 மீட்டர் இறங்கினால், பத்திலிருந்து நூறாவது நிமிடம் வரைக்கும் ஏறக்குறைய அதே 1 மீட்டர்தான் இறங்கும். அரை மடக்கை வரைபடத் தாளில் குறித்தால் புள்ளிகள் நேர்கோட்டில் வந்து நிற்கும். அந்தச் சரிவிலிருந்து கடத்துதிறன் கிடைக்கும். அமெரிக்கரான தைஸ் 1935இல் இதற்கான சூத்திரத்தைத் திடப்பொருளில் வெப்பம் பரவும் கணக்கிலிருந்து எடுத்தார். 1946இல் கூப்பரும் ஜேக்கபும் அதை நேர்கோடாக எளிமையாக்கினார்கள்.

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் நீர் அழுத்தத்தோடு நிற்கிறது. இடைவிடாது இறைத்து அதைத் தணிக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பிளந்து பொங்கும். எவ்வளவு இறைப்பது என்பதற்கும் இந்தக் கணக்குதான் வேண்டும். வேப்பூர், மங்களூர் பக்கத்துப் பாறைக் கிணறுகளில் அப்படியே செல்லாது. அகலக் கிணற்றில் முதலில் வருவது கிணற்றிலேயே தேங்கிய நீர். அங்கே "ராத்திரி ஊறினா காலையில ரெண்டு மணி நேரம் ஓடும்" என்று சம்சாரி சொல்வதும் ஒரு சோதனை முடிவுதான்.

அந்த ஊறலை அறியத்தான் மோட்டாரை நிறுத்திய பிறகு மட்டம் ஏறுவதை அளக்கச் சொல்கிறேன். கரண்ட் ஏறி இறங்கி இறைப்பு முன்பின் ஆகும் தொல்லை அப்போது இல்லை. ஆனால் வால்வு கசிந்தால் குழாயில் நின்ற நீர் திரும்ப விழுந்து முதல் அளவுகளைக் கெடுத்துவிடும்.

தேங்காயைக் கையில் ஏந்தி நீரோட்டம் பார்க்கச் செலவழிக்கிறோம்; போட்ட போரை ஒரு பகல் அளந்து பார்க்க மனம் வருவதில்லை. விவசாய மின்சாரம் இலவசம், எனவே மோட்டார் நிற்பதே கரண்ட் போனால்தான். சார், மாணவர்களை அழைத்துப் போகும் அன்று ஆட்டோ ஸ்டார்ட்டரை மட்டும் முதலில் கழற்றிவிடச் சொல்லுங்கள்.