மேப்பைச் சுருக்கும்போது காணாமப் போற ஊர்கள்

டெய்க்ஸ்ட்ரா எபிசோடு கேட்டுட்டு ஒருத்தர் நல்ல கேள்வி அனுப்பியிருந்தார்: "மேப்புல இருக்குற ரோடெல்லாம் அப்படியே கிராஃபா மாறிடுமா?" மாறாது. நடுவுல சுருக்குற வேலை ஒண்ணு இருக்கு. இன்னிக்கு அதைப் பார்க்கலாம். உதாரணத்துக்கு அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் போவோம். சென்னையில ஒரு தெரு அடைச்சா பக்கத்துத் தெருவுல பூந்து போயிடலாம். கரிசல் காட்டுல பல ஊருக்கு ஒரே ரோடுதான்.

ஓபன்ஸ்ட்ரீட்மேப்புல ஒரு ரோடுன்னா வரிசையா வெச்ச புள்ளிகள். ரோடு வளையுற இடத்துல எல்லாம் ஒரு புள்ளி இருக்கும். புள்ளிதான் நோட், ரெண்டு புள்ளிக்கு நடுவுல இருக்குறது எட்ஜ். ஆனா வளைவுல வண்டி ஓட்டுறவர் எந்த முடிவும் எடுக்குறதில்ல, ஸ்டீயரிங்கைத் திருப்புறார், அவ்வளவுதான். எந்தப் பக்கம் போறதுங்கிற கேள்வி ரோடு பிரியுற இடத்துலதான் வருது. அதனால ரெண்டே எட்ஜ் தொடுற நோடைத் தூக்கிடலாம். ஒரு பக்கம் 120 மீட்டர், இன்னொரு பக்கம் 80 மீட்டர்னா, நடு நோடை எடுத்துட்டு 200 மீட்டர்னு ஒரே எட்ஜ் போட்டுக்கலாம். ஜெஃப் போயிங் எழுதின ஓஎஸ்எம்என்எக்ஸ்ங்கிற பைத்தான் லைப்ரரி இதைத்தான் செய்யுது. கிராஃப் பல மடங்கு சின்னதாகும், ஆனா ஒரு சந்திப்புல இருந்து இன்னொரு சந்திப்புக்கு உள்ள தூரம் ஒரு மீட்டர்கூட மாறாது. எனக்கு ரொம்பப் பிடிச்ச டெக்னிக் இது.

வரையுறதுக்கு வளைவு வேணுமே? அதைத் தனியா வெச்சு, டக்ளஸ்–பியூக்கர் அல்காரிதத்தால குறைப்பாங்க. 1973ல வந்தது. ரோட்டோட ரெண்டு முனைக்கும் நேர்கோடு போடு. அந்தக் கோட்டுல இருந்து ரொம்பத் தள்ளி நிக்குற புள்ளியைப் பாரு. நாம வெச்ச அளவுக்குள்ள இருந்தா நடுவுல உள்ள எல்லாத்தையும் எடுத்துடு. தாண்டினா அதை வெச்சுக்கிட்டு, ரெண்டு துண்டுலயும் இதையே திரும்பச் செய். அளவைத் தாராளமா 200 மீட்டர்னு வெச்சா என்ன ஆகும்? கண்மாய்க் கரையைச் சுத்திப் போற ரோடு, மேப்புல கண்மாய்த் தண்ணிக்குள்ள இறங்கிப் போகும்! தூரமும் குறைஞ்சு காட்டும். அதனால தூரத்தை முதல்ல கணக்குப் போட்டுட்டு அப்புறம்தான் வளைவைக் குறைக்கணும்.

மூணாவது வகைதான் ஆபத்து. ஒரே எட்ஜ் தொடுற நோடுன்னா ரோடு அங்கேயே முடியுதுன்னு அர்த்தம். மதுரை–தூத்துக்குடி நெடுஞ்சாலைக் கணக்குக்கு அது எதுக்கு, வெட்டு. வெட்டினதும் அதுக்கு முன்னாடி இருந்த நோட் கடைசி நோடாகும். அதையும் வெட்டு. இப்படியே போனா, மெயின் ரோட்டுல இருந்து கிளை மாதிரி தொங்குற ஊர் மொத்தமா போயிடும். லாரிக்கு வழி சொல்ல இது போதும். 108 ஆம்புலன்ஸ் அந்தக் கிளையோட நுனிக்குத்தானே போகணும்?

கிராஃப் தியரியில, எடுத்தா கிராஃப் ரெண்டா உடையுற எட்ஜுக்குப் பேரே 'பாலம்'. அதையெல்லாம் ஒரே ஓட்டத்துல கண்டுபிடிக்க ராபர்ட் டார்ஜன் 1974லயே வழி சொல்லிட்டார். இப்ப நாம கிளை கிளையா வெட்டிப் போட்டது பூராவும் அந்தப் பாலங்கள்தான்!

நிஜப் பாலத்துக்கும் இதே கதி. ஓடையைத் தாண்டுற தரைப்பாலம் மேப்புல வெறும் ஒரு புள்ளியா இருக்கலாம், அப்ப ரெண்டே எட்ஜ் தொடும். முதல் சுருக்கத்துலயே காலி. வருஷத்துல பாதி நாள் குண்டாறே மணலாக் கிடக்குற ஊர்ல இது பெரிய விஷயமாத் தெரியாது. ஐப்பசி மழையில தரைப்பாலம் முங்குற அன்னிக்கு, கிராஃப்ல அடைக்கிறதுக்கு அந்த நோடே இருக்காது. மேப் "வழி இருக்கு"ன்னு சொல்லும்.

அதனால இந்தப் பகுதிக்குக் கோட் எழுதுறீங்கன்னா, டேட்டா இறக்கும்போதே 'ஃபோர்டு'ங்கிற டேக்கையும் சேர்த்துக் கேளுங்க, தானா வராது. அந்த டேக் உள்ள நோடைத் தொடாதேன்னு புது ஓஎஸ்எம்என்எக்ஸ்ல சொல்ல வழி இருக்கு. கடைசி ஊர்களை வெட்டாதீங்க. அப்புறம் ஃபோர்டு நோடை எல்லாம் தூக்கிட்டு, அருப்புக்கோட்டை அரசு ஆஸ்பத்திரியில இருந்து எந்தெந்த ஊருக்குப் போக முடியுதுன்னு ஓட்டிப் பாருங்க. மழைக்கு முன்னாடி ஆம்புலன்ஸை எந்தக் கரையில நிறுத்தணும்னு அந்த லிஸ்ட்டை வெச்சே யோசிக்கலாம்.