வேலை வாங்கித் தருகிறவர்களை நம்பலாமா?

“அக்கா, உங்க பொண்ணு பி.காம். முடிச்சுட்டு சும்மாதானே இருக்கா? டவுன்ல ஒரு கன்ஸல்டன்ஸி இருக்கு. பணம் கட்டினா ஒரே மாசத்துல வேலை!”

எதிர்வீட்டுப் பெண் இப்படிச் சொன்னதும் எனக்கு ஆசை வந்துவிட்டது. மகனின் பள்ளிக் கட்டணத்துக்கென்று ஒதுக்கி வைத்திருந்த சீட்டுப் பணம் 6,000 ரூபாயை எடுத்துக்கொண்டு, கணவரிடம்கூடச் சொல்லாமல் மகளுடன் கிளம்பினேன்.

கண்ணாடிக் கதவு, குளுகுளு அறை, டை கட்டிய பையன். “பதிவுக்கு ரெண்டாயிரம், டிரெயினிங்குக்கு நாலாயிரம்” என்றான். ரசீது கேட்டதற்கு, “மெயில்ல வரும்மா” என்று சொல்லி, ஒரிஜினல் சர்டிபிகேட்டையும் வாங்கி வைத்துக்கொண்டான்.

மூன்று மாதம் ஓடியது. வேலையும் வரவில்லை, ரசீதும் வரவில்லை. பள்ளிக் கட்டணத்துக்கு என் தோட்டை அடகு வைத்தேன். பணம் போனதைவிட, மகளின் சர்டிபிகேட் அங்கே மாட்டிக்கொண்டதுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. கடைசியில் கணவரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் நேரில் போய், “போலீஸில் எழுதிக் கொடுப்பேன்” என்ற பிறகே சர்டிபிகேட் கைக்கு வந்தது. பணம் போனது போனதுதான்.

அப்படியானால் ஏஜென்சிகள் எல்லாமே மோசமா? இல்லை. ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் இருக்கும் என் நாத்தனார் மகன் விளக்கினான்.

“அத்தை, நல்ல ஏஜென்சி வேலை தேடறவங்ககிட்ட காசு கேக்காது. ஆள் வேணும்கிற கம்பெனிதான் கூலி கொடுக்கும். பெரும்பாலும் சேர்ற ஆளோட ஒரு மாசச் சம்பளம் அளவுக்கு இருக்கும். அதனால அவங்க உழைக்கிறது கம்பெனிக்காக. காசு கொடுத்துத் தேடற கம்பெனி, அனுபவம் உள்ள ஆளைத்தான் கேக்கும்.”

ஆகவே, நாலைந்து வருஷம் வேலை பார்த்தவர்களுக்கு ஏஜென்சி உதவும். குழந்தைக்காக வேலையை விட்ட சகோதரிகளும் முயற்சி செய்யலாம். இடைவெளியை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். புதிதாகப் படித்து முடித்தவர்களுக்கு, மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் தனியார் வேலைவாய்ப்பு முகாமே மேல். கட்டணம் கிடையாது. அந்த அலுவலகத்தில் பதிந்து வைத்திருப்பதையும் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க மறக்காதீர்கள்.

வெளிநாடு என்றால் இன்னும் உஷார் தேவை. 1983-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜெண்ட் மத்திய அரசிடம் பதிவு பெற வேண்டும். பதிவு உண்டா என்பதை ‘இ-மைகிரேட்’ இணையதளத்தில் பார்க்கலாம். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் விதிப்படி அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்குரிய ஜி.எஸ்.டி.யும்தான். லட்சக் கணக்கில் கேட்டால் திரும்பி வந்துவிடுங்கள். தமிழக அரசே 1978-இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் இருக்கிறது.

கல்யாணத் தரகர் ஜாதகம் கொண்டு வந்தாலும் நாம் நாலு இடத்தில் விசாரிக்காமல் பெண் கொடுப்போமா? வேலைக்கும் அதேதான். ரசீது இல்லாமல் பணம் தராதீர்கள். ஜெராக்ஸ் மட்டும் கொடுங்கள். ஒரிஜினலைக் காட்டிவிட்டுக் கையோடு வாங்கி வந்துவிடுங்கள். கம்பெனி பெயரைக் கேட்டு, அங்கேயே ஒரு போன் செய்து பாருங்கள்.

என் மகளுக்கு அந்த இலவச முகாமில்தான் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதும் வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தன்று 6,000 ரூபாயை எண்ணி என் கையில் வைத்தாள்.

“முதல்ல உன் தோட்டை மீட்டும்மா!”