ஸ்கேன் நார்மல், தலை ஏன் இன்னும் சுற்றுகிறது?

"ஸ்கேன்ல ஒண்ணுமில்லீன்னு சொல்லிப் போட்டாங்க. ஆனா தறிச் சத்தம் கேட்டாலே தலை கிறுகிறுங்குதுங்க." தலையில் அடிபட்டு ஒரு மாதம் ஆன ஒருவர் இப்படிச் சொன்னால், வீட்டில் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள்.

கருமத்தம்பட்டி கோவை–சேலம் நெடுஞ்சாலையின் மேலேயே இருக்கிற ஊர். அன்னூர் ரோடும் சோமனூர் ரோடும் வந்து சேர்வது இங்கேதான். சுற்றிலும் விசைத்தறிக் கூடங்கள். இரவு ஷிப்ட் முடிந்து டூவீலரில் திரும்பும் தறிக்காரர் ஒருவர் சறுக்கி விழுந்ததாக வைத்துக்கொள்வோம். ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை, மறுநாளே வீடு. மூன்றாம் வாரம் வேலைக்குப் போகிறார். அறுந்த பாவு நூலைக் குனிந்து முடிபோட்டு நிமிர்ந்தால், கூடமே ஒரு சுற்றுச் சுற்றி நிற்கிறது. டியூப்லைட் வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது. முதலாளி சொன்ன கணக்கு மனதில் நிற்பதில்லை. வீட்டுக்கு வந்தால் பிள்ளைகள் மேல் எரிச்சல்.

இவற்றில் எதுவும் சாக்கு அல்ல.

ஸ்கேன் காட்டாதது

சி.டி. ஸ்கேன் ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் பெரிய வீக்கத்தையும் காட்டும். உடனடி அறுவை சிகிச்சை தேவையா என்பதற்கு அது பதில் சொல்லிவிடும். அதிர்ச்சியில் நரம்பணுக்களுக்குள் நடக்கும் குழப்பம் அதில் தெரியாது. அணுவின் உள்ளே இருக்க வேண்டிய பொட்டாசியம் வெளியேறுகிறது. வெளியே இருக்க வேண்டிய கால்சியம் உள்ளே புகுகிறது. அதைச் சரிசெய்ய மூளைக்குக் கூடுதல் சக்தி தேவைப்படும் அந்த நேரத்தில்தான் ரத்த ஓட்டம் குறைந்திருக்கும். அதனால்தான் சின்ன வேலைக்கும் பெரிய களைப்பு.

1974இல் கிளாஸ்கோ மருத்துவர்கள் டீஸ்டேலும் ஜென்னட்டும் வகுத்த அளவுகோலில் 15க்கு 13 முதல் 15 வரை இருந்தால் 'லேசான காயம்' என்று எழுதுவார்கள். நோயாளி எவ்வளவு விழிப்பாக இருக்கிறார் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. அவர் படும் பாட்டுக்கு அதில் மதிப்பெண் கிடையாது.

பெரும்பாலானோர் சில வாரங்களில் தேறிவிடுகிறார்கள். நான்கு வாரம் தாண்டியும் தொல்லை நீடித்தால் அதைத் தனியாகக் கவனிக்க வேண்டும் என்பது இன்றைய மருத்துவ வழக்கம்.

இரண்டு 48 மணி நேரம்

சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர அவசர சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்கும் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தைத் தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கியது. அந்த 48 மணி நேரம் உயிரைக் காக்கிறது. வீட்டுக்கு வந்தபின் ஓய்வுக்கும் ஒரு 48 மணி நேரக் கணக்கு இருக்கிறது.

முதல் ஒன்றிரண்டு நாள் ஓய்வு வேண்டும்; குறிப்பாக செல்போனை ஒதுக்கி வைக்க வேண்டும். அமெரிக்காவில் 12 முதல் 25 வயது வரையிலான 125 பேரிடம் நடத்தி 2021இல் வெளியான ஆய்வில், முதல் 48 மணி நேரம் திரை பார்க்காதவர்களில் பாதிப்பேர் மூன்றரை நாளில் தேறினார்கள். பார்த்தவர்களுக்கு அது 8 நாள் ஆனது.

அதற்குப் பிறகும் இருட்டறையில் படுத்தே கிடப்பது குணமாவதைத் தள்ளிப்போடும். 2019இல் வெளியான இன்னொரு ஆய்வில், மிதமான உடற்பயிற்சி செய்த இளையோர் சராசரியாக 13 நாளில் மீண்டார்கள். கைகால் நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு 17 நாள் பிடித்தது. நம் ஊரில் இதற்கு ஜிம் வேண்டாம். வெயில் ஏறுமுன் பதினைந்து நிமிட நடை போதும்.

எவ்வளவு செய்யலாம்? தலைவலிக்குப் பத்துக்கு எத்தனை என்று தானே மதிப்பெண் போட்டுக்கொள்ளலாம். மூன்றாக இருந்தது ஐந்தைத் தாண்டினால் அன்றைக்கு நிறுத்திக்கொள்ள வேண்டும். மறுநாள் கொஞ்சம் குறைத்துத் தொடங்கலாம்.

ஒவ்வொரு தொல்லைக்கும் ஒரு வழி

படுக்கையில் புரண்டாலோ, குனிந்து நிமிர்ந்தாலோ சில நொடி தலை சுற்றுகிறதென்றால், உள்காதிலுள்ள நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறியிருக்கலாம். காது மூக்கு தொண்டை மருத்துவரோ பிசியோதெரபிஸ்டோ தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பும் 'எப்ளி' முறையால் பலருக்கு ஒன்றிரண்டு முறையிலேயே சரியாகிவிடும். இது தெரியாமல் மாதக்கணக்கில் மாத்திரை விழுங்குகிறவர்கள் உண்டு.

தலைவலி மாத்திரைக்கும் எல்லை இருக்கிறது. மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து சாதாரண வலி மாத்திரை போட்டால், மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். சில நேரம் வலி கழுத்துப் பிடிப்பிலிருந்து ஏறுவதும் உண்டு. அதற்குப் பிசியோதெரபி உதவும்.

தூக்கம் சீரானால் மறதியும் எரிச்சலும் பாதி அடங்கும். ஆறும்வரை இரவு ஷிப்ட் வேண்டாம், மதுவும் வேண்டாம். மனம் சோர்ந்து கிடந்தால் டெலிமானஸ் மனநல உதவி எண் 14416இல் தமிழிலேயே பேசலாம்.

தறிக்குத் திரும்பும்போது

தறி ஓடும் கூடத்தில் சத்தம் 90 டெசிபலைத் தாண்டுவது வழக்கம். அடிபடாத காதுக்கே அது அதிகம். முதல் வாரம் அரை ஷிப்ட், அதுவும் பகலில், ஒன்றிரண்டு தறியோடு தொடங்கலாம். காதடைப்பான் கூடத்துக்குள் மட்டும் போதும். வீட்டிலும் அதை மாட்டிக்கொண்டே இருந்தால், சாதாரணப் பேச்சுகூடப் பொறுக்க முடியாமல் போகும். தலைசுற்றல் முழுதாக நிற்கும்வரை வண்டி ஓட்டக் கூடாது. ஆறாத மூளைமேல் இன்னொரு அடி விழுந்தால் மீள்வது மேலும் தாமதமாகும்.

தெரிந்த காயமும் தெரியாத காயமும்

1962 மார்ச்சில் பார்படாஸில் சார்லி கிரிஃபித் வீசிய பந்து இந்திய கிரிக்கெட் கேப்டன் நாரி கான்ட்ராக்டரின் மண்டையோட்டை உடைத்தது. பின்னர் வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் ஜேக்கப் சாண்டி அவர் தலையில் உலோகத் தகடு பொருத்தினார். முதல்தர ஆட்டத்துக்குத் திரும்பிய கான்ட்ராக்டருக்கு டெஸ்ட் வாய்ப்பு மட்டும் மறுபடி வரவே இல்லை. தகடு 2022இல்தான் அகற்றப்பட்டது. அவர் காயத்தை யாரும் சந்தேகப்படவில்லை. அது கண்ணுக்குத் தெரிந்தது.

ஆஸ்திரேலிய பேட்ஸ்மேன் வில் புகோவ்ஸ்கிக்கு அப்படி எதுவும் வெளியே தெரியவில்லை. தலையில் பலமுறை அடிபட்டு, தலைவலியும் களைப்பும் விடாததால் 2025இல், 27 வயதில், ஆட்டத்தையே விட்டார்.

காத்திருக்கக் கூடாத நேரம்

தலைவலி நாளுக்கு நாள் ஏறுவது, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, எழுப்ப முடியாத மயக்கம், ஒரு பக்கக் கைகால் தளர்வு, பேச்சுக் குழறல், மூக்கிலோ காதிலோ தண்ணீர் போல வடிவது: இதில் ஒன்று இருந்தாலும் உடனே 108ஐ அழையுங்கள். வயதானவர்களுக்கு, குறிப்பாக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு, ரத்தம் மெல்லக் கசிந்து பல வாரம் கழித்துக்கூடத் தொல்லை தரும். அம்மிச்சி போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்து, இப்போது நடை தடுமாறிப் பேச்சு மாறுகிறதென்றால் வயசுக் கோளாறு என்று விட்டுவிடாதீர்கள். பழைய ஸ்கேனையும் டிஸ்சார்ஜ் சீட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.